இலங்கையின் ஆய்வை எப்படி எண்ணுகிறார்கள்? கட்டுரைக் கணக்கும் மேற்கோள் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் நூலகத்துக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். நாங்கள் மேலே போயிருக்கிறோமா? மேற்கோள் (ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த இன்னொன்று ஆதாரமாகக் குறிப்பிடுவது) எப்படித் திடீரென்று இவ்வளவு கூடியது? என் கட்டுரை ஏன் கணக்கில் இல்லை? வாயால் சொன்ன பதில் அடுத்த ஆண்டு வரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்திருப்பது இலங்கை: சுமார் 2.2 கோடி மக்கள், ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகள். இடையிடையே ஐஸ்லாந்து, காம்பியா, எஸ்தோனியா என்று இன்னும் சிறிய நாடுகளும் வரும்.

ஒரு கட்டுரை எப்படி "இலங்கையின் கட்டுரை" ஆகிறது?

முகவரியால். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயர் இருக்கும், அதற்குக் கீழே அவர் வேலை செய்யும் இடம், கடைசியில் நாடு. கட்டுரைகளைத் திரட்டி எண்ணும் தரவுத்தளம் பார்ப்பது அந்தக் கடைசிச் சொல்லைத்தான். ஆசிரியர் எங்கே பிறந்தார், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார், சோதித்த மண்ணை எந்த ஊரில் தோண்டினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக் கணித அறிஞர் சி. ஜே. எலியேசரை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் பால் டிராக்கிடம் ஆய்வு செய்தார், கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார், பிறகு மலாயாவுக்குப் போனார், கடைசியில் மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஒரே மனிதர், ஒரே மூளை. அவர் எழுதியவை நான்கு நாடுகளின் கணக்கில் பிரிந்து விழும். இதன் மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டுக் குழு ஒன்று அநுராதபுரத்துக்கு வந்து ஐந்து ஆண்டு தரவு சேகரித்து, உள்ளூர் ஆசிரியர் எவரையும் சேர்க்காமல் கட்டுரை வெளியிட்டால், அது இலங்கையைப் பற்றிய கட்டுரை. இலங்கையின் கட்டுரை ஆகாது.

மேற்கோளை எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் முன்வைத்த யோசனை அது. எந்தத் தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று காட்டும் பட்டியல் ஒன்று அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1964 முதல் அது அறிவியல் மேற்கோள் சுட்டி என்ற பெயரில் ஒழுங்காக வெளிவரத் தொடங்கியது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் வந்தவற்றைத் தேடிப் போக உதவும் கருவி அது, அதாவது நூலகரின் கருவி. நாடுகளை அளக்கும் கோலாக அது ஆனது பின்னால்தான். 1997-ல் ராபர்ட் மேயும் 2004-ல் டேவிட் கிங்கும் நாடுகளை மேற்கோள் அடிப்படையில் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகள் பரவலாகப் பேசப்பட்டன. இரண்டு பேரும் பிரித்தானிய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர்களாக இருந்தவர்கள். கிங் எடுத்துக்கொண்டது 31 நாடுகளை மட்டுமே. உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த 31-க்குள் அடங்கிவிட்டன. மற்ற நாடுகள் எல்லாம் மீதிக்குள்.

ஸ்கோபஸ் ஒரு எண் சொல்கிறது, கூகுள் ஸ்காலர் வேறு எண் சொல்கிறது. எது சரி?

இரண்டும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் தளங்கள். தம்மிடம் உள்ளதை இரண்டும் சரியாகத்தான் எண்ணுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

வெப் ஆஃப் சயின்ஸ் கார்ஃபீல்டின் வழியில் வந்தது, ஆய்விதழ்களை வடிகட்டிச் சேர்க்கும். 2004-ல் வந்த ஸ்கோபஸ் இன்னும் கொஞ்சம் அகலமானது. அதே 2004-ல் வந்த கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வு போலத் தெரியும் எதையும் அள்ளிக்கொள்ளும். அதில் ஆய்வேடும் இருக்கும், மாநாட்டுச் சுருக்கமும் இருக்கும், சில வேளை ஒரே கட்டுரை இரண்டு தடவையும் இருக்கும். 2022-ல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்த தரவு. பழைய அலெக்சாந்திரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர் அது.

சிறிய நாட்டுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். காரணம் உள்நாட்டு ஆய்விதழ்கள். 1887-ல் தொடங்கிய சிலோன் மருத்துவ ஆய்விதழும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்விதழும் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் இடம் பிடித்தவை. ஆனால் இலங்கை ஆய்விதழ்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பொதுத்தளத்துக்குள் போய்ப் பாருங்கள். பீடங்களும் சங்கங்களும் நடத்தும் எத்தனையோ இதழ்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி வெப் ஆஃப் சயின்ஸின் மையப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அமெரிக்காவில் நூறு இதழ் விடுபட்டாலும் மொத்தக் கணக்கு அசையாது. இங்கே பத்து இதழ் விடுபட்டாலே சில துறைகள் முழுதாகக் காணாமல் போகும்.

ஆகவே ஒப்பிடும்போது ஒரே தரவுத்தளத்தில், ஒரே நாளில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். இந்த ஆண்டுக்கு ஸ்கோபஸும் போன ஆண்டுக்கு வெப் ஆஃப் சயின்ஸும் பார்த்துவிட்டு "வளர்ச்சி" என்று எழுதிய அறிக்கைகளை என் கையாலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே கட்டுரையில் பல நாட்டவர் இருந்தால் யாருக்கு எவ்வளவு?

இரண்டு வழி இருக்கிறது. முழுக் கணக்கில், கட்டுரையில் பெயர் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. பங்குக் கணக்கில், நான்கு நாட்டு ஆசிரியர்கள் சமமாக இருந்தால் நாட்டுக்குக் கால்.

இரண்டு பேர், மூன்று பேர் எழுதிய காலத்தில் இந்த வேறுபாட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது அப்படி இல்லை. 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். முழுக் கணக்கில் அந்தப் பட்டியலில் ஒரே ஓர் ஆளை வைத்திருக்கும் நாட்டுக்கும் ஒரு முழுக் கட்டுரை, அதன் மேற்கோள் முழுவதும். பங்குக் கணக்கில் அதே நாட்டுக்கு ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

மருத்துவத்தில் இதே நிலைமையை உருவாக்குவது உலக நோய்ச்சுமை ஆய்வு. சியாட்டிலில் உள்ள ஒரு நிறுவனம் ஒருங்கிணைப்பது அது. பல நாட்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கில் இணை ஆசிரியர்கள், மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில். இதில் பங்கெடுப்பது நல்ல வேலை, உள்நாட்டுத் தரவைச் சரிபார்க்கக் கட்டாயம் ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கட்டுரைகளை மற்றவற்றோடு ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்தால், நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது மறைந்துவிடும். டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசைக்காரர்களே 2015-ல் ஆயிரம் ஆசிரியருக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கணக்கிலிருந்து ஒதுக்கினார்கள். பிறகு பங்கு பிரித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, சராசரி மேற்கோள் உயர்ந்தால் தரம் உயர்ந்ததாகத்தானே பொருள்?

சிறிய நாட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாட்டில் 1,000 கட்டுரை. அதில் 990 கட்டுரைக்குச் சராசரி 5 மேற்கோள்: மொத்தம் 4,950. மீதி 10 கட்டுரை பெரிய பன்னாட்டுக் கூட்டணியில் வந்தவை, ஒவ்வொன்றுக்கும் 2,000 மேற்கோள்: மொத்தம் 20,000. இரண்டையும் கூட்டி 1,000-ஆல் வகுத்தால் கட்டுரைக்கு ஏறத்தாழ 25 மேற்கோள். அந்தப் பத்தையும் எடுத்துவிட்டால் 5. நூற்றில் ஒரு பங்குக் கட்டுரை சராசரியை ஐந்து மடங்காக்கியிருக்கிறது. நாட்டின் ஆய்வுக்கூடங்களில் ஒரு விளக்குக்கூடப் புதிதாக எரியவில்லை.

அதனால் சராசரியோடு இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, எல்லாக் கட்டுரைகளையும் மேற்கோள் வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் கட்டுரைக்கு எத்தனை. இரண்டாவது, உலகில் அந்தத் துறையின் முதல் 10 சதவீதக் கட்டுரைகளுக்குள் நம்முடையவை எத்தனை. பெரிய கட்டுரை ஒன்று இந்த இரண்டையும் அவ்வளவு சுலபமாக ஆட்டிவிட முடியாது.

காம்பியாவும் பனாமாவும் மேற்கோள் பட்டியல்களில் தங்கள் அளவுக்கு மீறி உயரத்தில் தெரிவதுண்டு. காம்பியாவில் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை 1947-ல் நிறுவிய பிரிவு இருக்கிறது. மருந்தில் நனைத்த கொசுவலை குழந்தைகளின் உயிரைக் காக்கும் என்பதைக் காட்டிய முக்கியமான ஆய்வு அங்கே நடந்தது. பனாமாவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நடத்தும் வெப்பமண்டல ஆய்வு நிலையம் இருக்கிறது. இரண்டும் அருமையான நிலையங்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நிலையை ஊகிக்கக் கூடாது. ஐஸ்லாந்தின் கதை வேறு. நான்கு லட்சத்துக்கும் குறைந்த மக்கள், தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்சாவளிப் பதிவுகள், அவற்றைப் பயன்படுத்தி 1996-ல் ரெய்க்யாவிக்கில் தொடங்கிய டிகோட் மரபணு நிறுவனம். அங்கே கேள்வியும் உள்ளூர், ஆய்வுக்கூடமும் உள்ளூர், முதல் ஆசிரியர்களும் (பட்டியலில் முதல் பெயர், பெரும்பாலும் வேலையை முன்னின்று செய்தவர்) உள்ளூர்.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு இல்லையா?

ஆமாம். உயிரணு ஆய்வில் கட்டுரை வந்த அடுத்த ஆண்டே மேற்கோள் குவியும். கணிதத்தில் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் துறைவாரிச் சீராக்கம் செய்கிறார்கள்: அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரைக்கு உலகச் சராசரி எவ்வளவோ, அதனால் நம் கட்டுரையின் மேற்கோளை வகுப்பது. விடை 1 என்றால் உலகச் சராசரி, 1.5 என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு.

உயிரினங்களை இனங்கண்டு பெயரிடும் வகைப்பாட்டியலுக்கு இதுவும் போதாது. இலங்கை மிகச் சிறிய பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்களைக் கொண்ட நாடு என்பதை 2002-ல் சயின்ஸ் இதழில் வெளியான கட்டுரை உலகுக்குச் சொன்னது. அது பெரிய மேற்கோள் பெற்றது. ஆனால் அதற்குப் பின்னால் ஒவ்வொரு தவளைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்து விவரித்த கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு தவளையின் விவரம் ஐம்பது ஆண்டு கழித்தும் தேவைப்படும். இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று சன்னல் வைத்து எண்ணும் கணக்குக்குள் அது விழாது.

ஸ்கோபஸில் என் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. ஓர் இளம் விரிவுரையாளர் மடிக்கணினியோடு வந்து நின்றார். "சேர், என்ரை பேரிலை மூண்டு ஆக்கள் இருக்கினம். அதிலை ரெண்டு ஆள் நான்தான்."

உட்காரச் சொல்லிப் பார்த்தோம். அவருடைய பெயர் இங்கே வேண்டாம், கதிர்காமநாதன் மகன் சிவரூபன் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் "கே. சிவரூபன்". இரண்டாவது கட்டுரையை அனுப்பும்போது இணையப் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் இருக்கிறது. அதைப் போட்டார். கட்டுரை "எஸ். கதிர்காமநாதன்" என்று வந்தது. ஆய்வு முழுக்க மகனுடையது, தரவுத்தளத்தில் அது அப்பாவின் பெயரில் நிற்கிறது. மூன்றாவது ஆள் உண்மையிலேயே வேறு ஒருவர், வேறு துறைக்காரர். அவரும் ஒரு சிவரூபன், அவர் அப்பா பெயரும் "கே"யில் தொடங்குகிறது.

சிங்களப் பெயர்களில் தலைகீழ்ச் சிக்கல். முன்னால் நான்கைந்து முதலெழுத்து, பின்னால் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ. ஒருவர் இரண்டாகப் பிரிவதைவிட நான்கு பேர் ஒருவராகச் சேர்ந்துவிடுவதே அங்கே அதிகம்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு எழுத்துக்கூட்டைக்கூட மாற்றாதீர்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் இலவசம், பத்து நிமிட வேலை, ஒவ்வொரு கட்டுரையிலும் அதைப் போடுங்கள். ஏற்கெனவே பிரிந்துபோயிருந்தால் ஸ்கோபஸில் ஆசிரியர் விவரத்தைத் திருத்தக் கோரும் வசதி இருக்கிறது. அந்தத் தம்பியின் இரண்டு கணக்கையும் அப்படித்தான் ஒன்றாக்கினோம்.

நிறுவனப் பெயரும் இப்படித்தான் சிதறுகிறது. பேராதனையை எடுத்துக்கொண்டால், முதலில் இலங்கைப் பல்கலைக்கழகம். 1972-க்குப் பிறகு நாட்டில் இருந்த ஒரே பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம். 1979 முதல் பேராதனைப் பல்கலைக்கழகம். அதே 1972-ல் ஆங்கில முகவரியில் "சிலோன்" போய் "ஸ்ரீ லங்கா" வந்தது. யாழ்ப்பாணம் 1974-ல் வளாகம், 1979-ல் தனிப் பல்கலைக்கழகம். அதன் வவுனியா வளாகம் 2021-ல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. வவுனியாவில் ஒரே அறையில், ஒரே மேசையில் இருந்து 2020-லும் 2022-லும் எழுதிய இரண்டு கட்டுரை இரண்டு பல்கலைக்கழகங்களின் கணக்கில் போகும். இதைத் தெரியாமல் வரைபடம் போட்டால் யாழ்ப்பாணத்தின் கோடு இறங்குவது போலவும், வவுனியா வெறுமையிலிருந்து முளைத்தது போலவும் தெரியும்.

தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் "சிந்தனை" இதழில் வந்த ஒரு கட்டுரையை இன்னொரு தமிழ் ஆய்வாளர் தன் நூலில் எடுத்துக்காட்டினால், அந்த மேற்கோள் எந்தப் பன்னாட்டு எண்ணிக்கையையும் எட்டுவதில்லை. வரலாறு, சமூகவியல், இலக்கியம், சட்டம், கல்வி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருவதால், படிக்கவாவது அவை கிடைக்கின்றன. ஆய்வை எண்களால் மதிப்பிடுவது எப்படி என்று 2015-ல் நேச்சர் இதழில் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று இதைப் பற்றியதே: உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் சிறப்பைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கலைப்பீடத்தை மேற்கோள் எண்ணால் மதிப்பிட முயலும் குழு எதுவானாலும் அந்தக் கொள்கையைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன்.

மேற்கோள் குறைந்த ஆய்வு பயனில்லாத ஆய்வா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

1995-ல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கிராமங்களில் விவசாய நஞ்சே பெரிய காரணமாக இருந்தது. மருத்துவர்களும் நச்சியல் ஆய்வாளர்களும் எந்தப் பூச்சிமருந்து எத்தனை உயிரைக் கொல்கிறது என்று மருத்துவமனை மருத்துவமனையாகக் கணக்கெடுத்தார்கள். 1995-ல் மிகக் கொடியவை தடைசெய்யப்பட்டன, 1998-ல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011 வரை பராகுவாட் உட்பட மூன்று இரசாயனங்கள் படிப்படியாக. இருபது ஆண்டுக்குள் அந்த வீதம் 70 சதவீத அளவுக்குக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின.

இந்தத் தொடரில் சில கட்டுரைகள் உலக அளவில் பேசப்பட்டவை. நஞ்சுண்டு வந்தவர்களுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பயனுண்டா என்று மூன்று இலங்கை மருத்துவமனைகளில் 4,632 நோயாளிகளை வைத்துப் பார்த்த சோதனை 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயனில்லை என்பதே விடை. ஆனால் தடைக்கு அடித்தளம் போட்ட உள்ளூர்க் கணக்கெடுப்புகள், குழு அறிக்கைகள், பூச்சிகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தின் கோப்புகள் ஆகியவற்றை எந்தத் தரவுத்தளம் எண்ணும்? வர்த்தமானியில் வரும் தடை உத்தரவு எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்த உத்தரவால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் நம் ஊர்களில் நடமாடுகிறார்கள்.

நெல்லும் அப்படித்தான். பிஜி 300, பிஜி 352 என்று விவசாயிகள் சொல்லும் பெயரில் "பிஜி" என்பது பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கில எழுத்துகள். முன்னால் வரும் எண் பயிரின் வயது: 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம். நாடு முழுவதும் வயலில் நிற்கும் ஆய்வு முடிவு அது. அதை விதைத்தவர் யாரும் அடிக்குறிப்பு எழுதவில்லை.

இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவபீடத்திலிருந்து அனுராதனி கஸ்தூரிரத்னவை முதல் ஆசிரியராகக் கொண்டு 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகில் ஆண்டுக்கு எத்தனை பேர் பாம்புக்கடியால் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கணக்கு: குறைந்தது 4,21,000 பேருக்கு நஞ்சேறுகிறது, குறைந்தது 20,000 பேர் இறக்கிறார்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பவனின் பிரச்சினையை உலகக் கேள்வியாக்கிய கட்டுரை. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையின் கணக்கில் இதற்கும் ஒன்று, ஆயிரம் பேரில் ஓர் ஆளாகப் பெயர் வந்த கட்டுரைக்கும் ஒன்று. அதனால்தான், முதல் ஆசிரியர் யார், கட்டுரைக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்லும் தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்று பார்க்காத எந்த நாட்டுக் கணக்கையும் நான் அரைக் கணக்கு என்கிறேன்.

எஸ்தோனியா எப்படி மேலே வந்தது?

13 லட்சம் மக்கள்தான். 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்ற கையோடு, தங்கள் ஆய்வு முழுவதையும் பார்வையிட்டுச் சொல்லும்படி சுவீடனின் அரச அறிவியல் கழகத்தை அழைத்தார்கள். நிறுவனத்துக்கு மொத்தமாகப் போன பணத்தில் பெரும்பகுதி திட்டத்துக்கு, போட்டியின் பேரில், சக ஆய்வாளர் மதிப்பீட்டின் பேரில் போகத் தொடங்கியது. யார் எந்தத் திட்டத்தில் என்ன வெளியிட்டார்கள் என்பதை ஒரே பொதுத் தகவல் முறைமையில் யாரும் பார்க்கலாம். இன்று அவர்களின் கட்டுரைகளுக்கு மேற்கோள் உலகச் சராசரிக்கு மேல்.

எனக்குப் பிடித்தது பூஞ்சைக் கதை. டார்ட்டு பல்கலைக்கழகக் குழு, லேஹோ டெடர்சூ முன்னின்று, உலகெங்கும் 365 இடத்து மண்ணை எடுத்து அதிலுள்ள பூஞ்சைகளை ஆராய்ந்து 2014-ல் சயின்ஸில் வெளியிட்டது. பெரிய கூட்டணிதான், ஆனால் கூட்டியவர்கள் எஸ்தோனியர்கள்.

நாட்டுக்கும் எச் குறியீடு சொல்கிறார்களே?

2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தனி ஆய்வாளருக்காக முன்வைத்தது அது. ஒருவருக்கு 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரை 20 அவரிடம் உண்டு. நாட்டுக்குப் போட்டால் அளவும் வயதுமே பேசும், ஒருபோதும் இறங்காது. நான் பயன்படுத்துவதில்லை.

எண்ணை விரைவாக உயர்த்த வழி இருக்கிறதா?

இருக்கிறது, போகாதீர்கள். பதவி உயர்வை மேற்கோளோடு இறுக்கிக் கட்டினால் தன்மேற்கோள் கூடும். இத்தாலியில் 2010-ல் அப்படியொரு சீர்திருத்தம் வந்த பிறகு ஆய்வாளர்கள் தம்மையும் தம் நாட்டவரையும் மேற்கோள் காட்டுவது எப்படி ஏறியது என்பதை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இன்னொரு பொறி. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தால், உடனே நூலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

அப்புறம், பணத்தையும் பேச வேண்டும். இலங்கை ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். தென் கொரியா ஐந்து சதவீதத்தை ஒட்டிச் செலவிடுகிறது, இஸ்ரேல் அதற்கும் மேல். இந்த ஒரு வரி இல்லாத தரவரிசைச் செய்தியைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

நானே எண்ணிப் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு மாலை நேரம் போதும். ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் நாடு இலங்கை என்று தேர்ந்து, ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுங்கள். மொத்தத்தை எழுதிக்கொண்டு மேற்கோள் வரிசையில் அடுக்குங்கள். முதல் முப்பது கட்டுரையைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆசிரியர், முதல் ஆசிரியரின் முகவரி எந்த நாடு என்று ஒரு தாளில் குறியுங்கள். முப்பதில் எத்தனைக்கு இலங்கை முகவரி முதலில் வருகிறது என்பதை எண்ணுங்கள். பிறகு நூறு ஆசிரியருக்கு மேற்பட்டவற்றை நீக்கிவிட்டுப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். இப்போது மேலே வரும் கட்டுரைகளின் தலைப்புகளை நிதானமாக வாசியுங்கள். சிறுநீரக நோய், டெங்கு, தேயிலை, பாம்பு, நெல், தவளை என்று ஊர் மணம் வரும்.

தரவை எடுத்த தேதியைத் தாளின் மேல் மூலையில் குறித்துவிடுங்கள். மார்ச்சில் எடுத்த எண்ணும் ஒக்டோபரில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாது, பழைய கட்டுரைகளும் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். எண்ணும்போது உங்கள் பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் கண்டால், மடிக்கணினியோடு வாருங்கள், உட்கார்ந்து சரிசெய்வோம்.